பெரில் குழியும் ஒரு வாய்க்கால் உடைப்பும்

எங்கள் ஊரில் கல் கிடையாது. நீடாமங்கலத்திலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் வயல், வாய்க்கால், களிமண். போர் போட்டால் மணல் வரும், அதற்குக் கீழே மறுபடியும் களிமண் வரும், கல் மட்டும் வராது. நாயை விரட்ட வேண்டுமென்றால்கூடக் காய்ந்த மண்ணாங்கட்டியைத் தேடித்தான் எறிய வேண்டும். அது நாய் மேல் பட்டுப் பொடியாகிவிடும், நாயும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. இப்படிப்பட்ட ஊரில் பிறந்த என் தம்பி செந்தில், கல்லைத் தேடி மடகாஸ்கர் வரைக்கும் போய்விட்டான்.

முதலில் திருச்சியில் கல் பட்டை தீட்டுகிற பட்டறையில் இருந்தான். பிறகு காங்கேயம் பக்கம் ஒரு வியாபாரியிடம் சேர்ந்தான். அங்கேதான் பெரில் என்ற பெயரை முதலில் கற்றுக்கொண்டு வந்து எங்கள் உயிரை எடுத்தான். மரகதமும் பெரில்தானாம், கடல் நிறத்தில் மோதிரத்தில் பதிக்கிற கல்லும் பெரில்தானாம், ஒன்றுக்கும் உதவாமல் மூட்டையில் போகிற மங்கல் கல்லும் பெரில்தானாம். பொங்கலுக்கு வந்தாலும் இதே பேச்சு. கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் கல்லைப் பற்றிப் பதில் சொல்லுவான். கடைசியில் அந்த வியாபாரியோடு மடகாஸ்கர் போனவன், அவர் திரும்பி வந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டான்.

போன தை மாதம் போன் செய்தான்.

“அக்கா, இங்க ஒரு குழில பங்கு குடுக்கறேங்கறாங்க. இனிமே அடுத்தவனுக்கு மாரடிக்க வேணாம். என் பாதி நெலத்தை வித்துடலாம்னு இருக்கேன். நீ ஒரு கையெழுத்து போட்டாப் போதும்.”

அப்பாவின் நிலம் இரண்டு பேர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. மேல்பாதி அவனுக்கு, கீழ்ப்பாதி எனக்கு என்று வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டோம். இரண்டையும் சேர்த்து நட்டு அறுப்பது நான்தான். வாய்க்காலில் இருந்து தண்ணீர் எடுக்கிற மடை அவன் பாதியில் இருக்கிறது. அவன் வயலில் ஏறித்தான் தண்ணீர் என் வயலுக்கு இறங்கும். வாங்குகிறவர் அதில் மண்ணைக் கொட்டி மனை போட்டுவிட்டால், என் பாதி ஆடு மேய்க்கத்தான் ஆகும். இது செந்திலுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டான் என்பது எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

எங்கள் பக்கத்தில் யாராவது வரப்பில் நின்று “தண்ணி நின்னுடுச்சு” என்று குரல் கொடுத்தால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து ஓடுவார். எனக்கும் அந்த ரெண்டு வார்த்தையைக் கேட்டால் கால் தானாக மடைப் பக்கம் ஓடும். இந்தக் கையெழுத்தைப் போட்டால் அதை வாழ்நாள் முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. அதே சமயம், தன் பங்கை விற்காதே என்று அவனிடம் சொல்ல நான் யார்?

“குழியைக் கண்ணால பாக்காம கையெழுத்து கெடையாது” என்று சொல்லிவிட்டேன். மகள் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போனபோது எடுத்த பாஸ்போர்ட் இருந்தது. சம்பா அறுப்பும் முடிந்திருந்தது. சமையலைத் தானே பார்த்துக்கொள்வதாக வீட்டுக்காரர் சொன்னார். திரும்பி வந்து பார்த்தபோது அடுப்பு கடையில் வாங்கியது போலப் பளபளவென்று இருந்தது.

விமானம் ஏறி இறங்கிய கதையை விட்டுவிடுகிறேன். தலைநகரத்தில் காலையில் செந்தில் என்னை ஒரு தெருக்கடைக்குக் கூட்டிப்போனான். ஒரு பெண் கரி அடுப்பில் குழிக்கல்லை வைத்து அரிசி மாவை ஊற்றிக்கொண்டிருந்தாள். அசல் பணியாரம். கம்பியால் திருப்பிப் போடுகிற லாகவம்கூட அப்படியே. இத்தனை தூரம் கடல் தாண்டி வந்து முதல் வாய் பணியாரம் தின்றதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம், நிறைய நிம்மதி. எங்கள் வீட்டில் வெல்லம் இன்னும் தாராளமாகப் போடுவோம் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த ஊர்க்காரர்கள் சோறு தின்பதில் நமக்கு அண்ணன்மார். காலையில் சோறு, மத்தியானம் சோறு, ராத்திரியும் சோறு. தட்டில் சோற்றை மலை மாதிரி குவித்து, ஓரத்தில் கொஞ்சம் கீரையோ அவரையோ வைப்பார்கள். கடையில் அரிசியைப் பால் டின்னால் அளந்து கொடுக்கிறார்கள். சோறு வடித்த பானையின் அடியில் பிடித்திருக்கும் காந்தலோடு தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, அந்தக் காந்தல் தண்ணீரைத்தான் சாப்பாட்டோடு குடிக்கிறார்கள். முதல் வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தேன். மூன்றாவது நாள் நானே கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மலைநாட்டுக்குப் போகிற வேன் பயணத்தை மறக்க மாட்டேன். வேனின் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கூரை மேல் மெத்தை, சைக்கிள், கூடை கூடையாக வாத்து. செந்தில் குழிக்காக ஒரு தண்ணீர் பம்பு வாங்கியிருந்தான். அதையும் மேலே ஏற்றியாகிவிட்டது என்று நம்பி உட்கார்ந்திருந்தோம். மேட்டில் வண்டி நின்று, எல்லாரும் இறங்கித் தள்ளினோம். அப்போது நிமிர்ந்து பார்த்த செந்திலின் முகம் வெளுத்துவிட்டது. மேலே வாத்து இருந்தது, பம்பு இல்லை. ஸ்டாண்டில் பக்கத்தில் நின்ற வண்டியில் மாற்றி ஏற்றிவிட்டார்கள். அந்த வண்டி கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

“கவலைப்படாதீங்க, பம்பு ஊரைச் சுத்திப் பாத்துட்டு வந்துரும்” என்று டிரைவர் சொன்னாராம். செந்தில் மொழிபெயர்த்துவிட்டு, சிரிக்காமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே முழுக்க வயல். பள்ளத்தாக்கு முழுவதும் படிப்படியாக நெல். அதைப் பார்த்ததும் அடி வயிற்றில் ஒரு குளிர்ச்சி. கல் நாட்டுக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு நெல் நாடு எதிரே வந்து நின்றது. பயிர் பால் பிடிக்கிற பருவத்தில் இருந்தது. கதிரைக் கிள்ளி நசுக்கிப் பார்க்க வேண்டும்போல விரல் பரபரத்தது.

குழி, அன்ட்சிராபே நகரத்திலிருந்து தள்ளி, ஒரு மலைச் சரிவின் காலடியில் இருந்தது. அதன் மேஸ்திரி சோலோ, நெடுநெடுவென்று, சிரித்தால் கண் மூடிக்கொள்ளும் மனிதர். குழி அவருடையதுதான். செந்திலுக்குப் பங்கு தருவதாகச் சொன்னவர் அவரே. குழிக்கு மேலே இருந்த வயல் அவருடைய அக்கா லலாவுக்குச் சொந்தம். நாங்கள் தங்கியதும் லலாவ் வீட்டில்தான். நான் செந்திலின் அக்கா என்று தெரிந்ததும் அந்தம்மாள் என் கையைப் பிடித்துத் தன் கையோடு வைத்துப் பார்த்தாள். இரண்டு கையிலும் ஒரே இடத்தில் காய்ப்பு. அதற்குப் பிறகு எங்களுக்குள் மொழிபெயர்ப்பு அதிகம் தேவைப்படவில்லை.

குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் சோலோ என்னை நிறுத்தி ஃபாடி சொன்னார். ஃபாடி என்றால் ‘ஆகாது’ என்று அர்த்தம். ‘எங்க வீட்டுக்குப் பாகல் கொடி ஆகாது’ என்று நாம் சொல்வோமே, அது. அந்த நாட்டில் குடும்பத்துக்குக் குடும்பம், குழிக்குக் குழி வேறு வேறு ஃபாடி. இந்தக் குழியில் விசில் அடிக்கக் கூடாது. வேர்க்கடலை கொண்டுபோகக் கூடாது. நான் பையைத் திறந்து, நீடாமங்கலத்திலிருந்து கொண்டுவந்த கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து ஒரு புதரின் மேல் வைத்தேன். ஆட்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். சோலோ மூன்றாவதாக ஒன்றை நீளமாகச் சொன்னார்.

“அது என்னடா?”

“ஒண்ணுமில்லக்கா. சும்மா ஏதோ சொல்றாரு” என்றான் செந்தில்.

ஏணியில் இறங்கினேன். உள்ளே சுவர் முழுக்க வெள்ளை. பாறைதான், ஆனால் விரலால் சுரண்டினால் விபூதி மாதிரி உதிர்கிறது. அதற்குள் கண்ணாடி போல ஒரு கல், தாள் தாளாக உரிகிற காக்காப்பொன், கரிக்கட்டை மாதிரி கறுப்புக் குச்சிகள். இந்த வகைப் பாறைக்குப் பெக்மடைட் என்று பெயர். செந்தில் சுவரைத் தடவிக்கொண்டே சொன்னான்.

“பாறைக் கொழம்பு ஆறி இறுகும்போது, கடைசியா கொஞ்சம் சாறு மிஞ்சும்க்கா. வேற எதுலயும் சேராத சத்தெல்லாம் அதுலதான் இருக்கும். அது விரிசல்ல பூந்து மெள்ள மெள்ள உறையும். அதனால இங்க எல்லாம் பெருசு பெருசா வெளையும். பெரிலும் அப்படித்தான். ஆறு பட்டையா, குச்சி மாதிரி.”

எங்களுக்குக் கடைமடை என்றால் கஷ்ட ஜீவனம். முதல் மடைக்காரர்கள் எல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் வரும். பாறைக்கோ கடைமடையில்தான் புதையல். இது எனக்குப் பிடித்திருந்தது.

அடையாளங்களைக் காட்டினான். காக்காப்பொன் தாள் பெரிதாகிக்கொண்டே வருகிறது, கண்ணாடிக் கல் புகை பிடித்த நிறத்துக்கு மாறுகிறது, இப்படி வந்தால் பக்கத்தில் பெரில் இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பொந்து இருக்கும், பொந்துக்குள் தெளிவான கல் இருக்கும். ‘இருக்கும், இருக்கும்’ என்று சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். விதை விட்ட மறுநாள் நாற்றங்கால் ஓரத்தில் குனிந்து நிற்கிறவன் முகம். அவனை இப்படி நான் நீடாமங்கலத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை. மறுத்துவிட்டு வரலாம் என்று வந்த என் மனசு அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது.

அன்று பொழுது சாயும் நேரம் தனியாக வரப்பில் நடக்கப் போனேன். லலாவின் வயலுக்கு வருகிற வாய்க்கால் மேட்டோரமாக ஓடியது. அதன் கரையில் ஒரு உடைப்பு. தண்ணீர் வயலுக்கு வராமல், உடைப்பு வழியாகத் தரிசில் ஓடி வீணாகிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் லலாவின் நெல், பால் பிடிக்கிற பயிர், அடியில் மண் வெடிக்க ஆரம்பித்திருந்தது. பார்த்துக்கொண்டு சும்மா போக நான் என்ன வெளியூரா?

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். மண்வெட்டி இல்லை. கையாலேயே சேற்றை வாரி, புல்லைக் கொத்தாகப் பிடுங்கி நடுவில் வைத்து, மேலே மறுபடி சேறு போட்டுக் காலால் மிதித்து அடைத்தேன். நம் ஊரில் நண்டு வளை உடைத்துக்கொண்டால் எப்படி அடைப்போமோ அப்படி. தண்ணீர் ஒரு நிமிஷம் தயங்கி நின்று, பிறகு வயல் பக்கம் திரும்பியது. வெடிப்புகளுக்குள் அது இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வெளிநாட்டுக்கு வந்து ஒரு உருப்படியான காரியம் செய்துவிட்ட பெருமையோடு வந்து படுத்தேன். அந்தக் குளிரிலும் நல்ல தூக்கம்.

காலையில் கூச்சல் கேட்டு எழுந்து ஓடினேன். குழி நிறையத் தண்ணீர். மோர் மாதிரி வெள்ளைத் தண்ணீர், மேலே ஏணியின் இரண்டு நுனி மட்டும் தெரிந்தது. மேல் பக்கச் சுவர் சரிந்து உள்ளே விழுந்திருந்தது. ஆட்கள் வேலைக்கு வருவதற்கு முன்பே சரிந்துவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் அடைத்தது உடைப்பு இல்லை. குழிக்குள் ஊறாமல் இருக்க வேண்டும் என்று வாய்க்கால் தண்ணீரை அவர்களே வெட்டி வெளியே விட்டிருந்தார்கள். நான் அதை வயலுக்குத் திருப்பினேன். வயல் குடித்தது போக மிச்சத்தை உதிரிச் சுவர் வழியாகக் குழிக்குள் இறக்கிவிட்டது.

சோலோ எல்லாரையும் குழி ஓரத்தில் உட்காரவைத்தார். குழி கோபித்துக்கொண்டால் யார் ஃபாடியை மீறியது என்று கேட்பது அங்கே வழக்கம். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் விசில் அடிக்கவில்லை, நான் கடலை தின்னவில்லை. என் முறை வரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, “நான்தாங்க அடைச்சேன்” என்று சொல்லி, எப்படி அடைத்தேன் என்று காலால் மிதித்தும் காட்டினேன். செந்தில் தலையில் அடித்துக்கொண்டு மொழிபெயர்த்தான். லலாவ் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளைப் பார்த்து ஆட்களும் சிரித்துவிட்டார்கள்.

“அது தெரியாம நடந்த தப்பு, ஃபாடி மீறினது இல்லையாம். தண்ணியைப் பாத்தா வயல்காரி அடைக்கத்தான் செய்வா, எங்க அக்காவா இருந்தாலும் அதான் பண்ணியிருப்பாங்கறாரு” என்றான் செந்தில். பிறகு சோலோ என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். செந்தில் அதைச் சொல்லத் தயங்கினான்.

“சொல்லுடா.”

“இவ்வளவு தூரம் எதுக்கு வந்தீங்கன்னு கேக்கறாரு. எனக்குப் பொண்ணு பாக்க நீ வந்திருக்கேன்னு எல்லாரும் நெனச்சிக்கிட்டு இருக்காங்க.”

எனக்கு என்ன தெரியும்? உள்ளதைச் சொன்னேன். “குழில பங்கு வாங்க எங்கப்பா நெலத்துல இவன் பாதியை விக்கறான். அதுக்குக் கையெழுத்து கேட்டான். போடறதுக்கு முன்னாடி பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

செந்தில் அதை மொழிபெயர்க்கவில்லை. காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். லலாவ் அவன் முகத்தையே பார்த்தாள். கடைசியில் அவன் மெதுவாக ரெண்டு வாக்கியம் சொன்னான். ஒளிக்காமல் உள்ளபடியே சொல்லியிருக்கிறான் என்பது எனக்கு உடனே தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் சோலோவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சோலோ கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வருத்தமாகப் பேசினார். செந்தில் எனக்குச் சொல்லும்போது குரல் கம்மியது. “‘முதல் நாளே சொன்னேனே’ங்கறாரு. அந்த மூணாவது ஃபாடி... வயல் வித்த காசு குழிக்குள்ள எறங்கக் கூடாது. அவங்க அப்பா வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை நல்ல பெரில் எடுத்தாராம். அதைக் குடுத்துத்தான் இந்த வயலை வாங்கினாராம். ‘நாங்க வயல் வாங்கத்தான் கல்லு தோண்டறோம், நீ வயலை வித்துக் கல்லு தோண்ட வரியா’ன்னு கேக்கறாரு.”

பங்கு இல்லை என்று ஆகிவிட்டது. மடை தப்பித்தது. எந்தக் காரியத்துக்காகக் கடல் தாண்டி வந்தேனோ அது நான் ஒரு வார்த்தை மறுக்காமலே முடிந்துவிட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டும் அல்லவா? செந்தில் எழுந்து சரிவில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டான். சின்ன வயதில் கோலிக்குண்டைத் தொலைத்துவிட்டு இப்படித்தான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவான்.

குழியை இறைக்கலாமென்றால் லலாவ் விடவில்லை. வந்த தண்ணீர் வந்தது, கதிர் முற்றுகிற நேரம், ரெண்டு நாள் வயல் வயிறாரக் குடிக்கட்டும், அப்புறம் வெட்டிவிடலாம் என்றாள். பயிர் காய்ந்தாலும் பரவாயில்லை என்று தம்பி குழிக்காக அத்தனை நாள் தன் வாய்க்காலை வெட்டி விட்டிருந்தவள் அவள். நான் மனசுக்குள் அதையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பம்பு வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. எடுத்துவர அன்ட்சிராபே போனோம். அந்த ஊரில் எங்கு பார்த்தாலும் கலர் கலராகக் கைரிக்‌ஷா, ஆள் இழுப்பது. ஏற மனசு வராமல் நான் நடக்க, வெறும் ரிக்‌ஷாவை இழுத்துக்கொண்டு அந்த ஆள் கூடவே வர, இது என்ன கூத்து என்று ஊரே பார்த்தது. பம்பு நிஜமாகவே கடற்கரை வரை போய்த் திரும்பியிருந்தது. மேலே உப்புப் பூத்து, யாரோ கட்டிவிட்ட ஒரு கருவாட்டு மூட்டையோடு இருந்தது. அதைத்தான் ரிக்‌ஷாவில் ஏற்றினோம்.

சோற்றுக்கடையில் உட்கார்ந்தபோதும் செந்தில் பேசவில்லை.

“வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றேன்.

“நீ ஜெயிச்சிட்டக்கா.”

“நான் எங்கடா போட்டி போட்டேன்? தெரிஞ்சேதான அந்த மூணாவதை மறைச்ச? அந்த மனுஷன்கிட்டயும் மறைச்ச, என்கிட்டயும் மறைச்ச.”

“ஆமா. மறைச்சேன்.” தட்டில் இருந்த சோற்றைக் கிளறினான். “எத்தனை வருஷமா அடுத்தவன் கல்லைத் தூக்கிப் பாத்து வெல சொல்லிக்கிட்டு இருக்கறது? ஒரு தடவை என் குழிலேர்ந்து என் கையால எடுக்கணும்க்கா. அவ்வளவுதான். மடை போயிட்டா உனக்கு என்னாகும்னு தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன். நேத்து நீ அந்த வாய்க்காலை அடைச்சேன்னு மிதிச்சிக் காட்டினியே... அப்ப எனக்கு உன் மூஞ்சியைப் பாக்க முடியல.”

அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் கீரையை வைத்தேன். “சாப்புடு மொதல்ல” என்று மட்டும் சொன்னேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். பானையிலிருந்து காந்தல் தண்ணீர் சுற்றிவந்தது. நான் செந்தில் தோளைத் தட்டினேன்.

“நான் சொல்றதை அப்படியே சொல்லு. ஒரு எழுத்து முழுங்கினாலும் எனக்குத் தெரியும். வயல் வித்த காசு ஆகாது. சரி. நெல்லு வித்த காசு?”

“அக்கா...”

“கேளுடா. உன் பாதில வெளையற நெல்லை இத்தனை வருஷமா நான்தான் அள்ளிக்கிட்டு இருக்கேன். நீயும் கேட்டதில்ல, நானும் குடுத்ததில்ல. இனிமே ஒவ்வொரு அறுப்புக்கும் அது இங்க வரும். கையெழுத்து கெடையாது. நெல்லு உண்டு.”

அவன் கேட்டான். சோலோ லலாவைப் பார்த்தார். அங்கே இந்த மாதிரி விஷயத்தில் அக்காவைக் கேட்காமல் தம்பி பதில் சொல்வதில்லை போலிருக்கிறது, நல்ல ஊர். லலாவ் கரண்டியைப் பானையில் தட்டி ஏதோ சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள்.

“‘இந்தக் குழிக்காரனுங்க தெனமும் திங்கறது என்ன, கல்லா? நெல்லுதான’ங்கறாங்க” என்றான் செந்தில். அவன் கண் கலங்கியிருந்தது. “பங்கு சின்னதாத்தான் இருக்குமாம். சோலோவுக்குச் சரியாம்.”

“எங்க ஊர் மழை பொய்ச்சா அந்த வருஷம் ஒண்ணும் வராதுன்னும் சொல்லிடு.”

அதையும் சொன்னான். குழியும் அப்படித்தான் என்று சோலோ பதில் சொன்னார்.

நான் கிளம்புகிற நாள் காலையில் பம்பு ஓட்டி முக்கால்வாசி இறைத்துவிட்டார்கள். செந்தில் இறங்கி, சரிந்த சுவரிலிருந்து ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினான். ஆறு பட்டை, வாழைத்தண்டு கனம், மங்கல் பச்சை. பெரில்தான். மோதிரத்துக்கு ஆகாது, மூட்டையில் போகும் ரகம். ஆனால் ஒரு நுனியில் மட்டும் விரல் நகம் அளவுக்குத் தெளிந்திருந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தை மாதம் கலங்கல் அடங்கிய பிறகு எங்கள் வாய்க்காலில் அடிமணல் தெரிய நிற்குமே, அந்தத் தண்ணீரின் நிறம். ‘இருக்கும், இருக்கும்’ என்று அவன் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

இறைக்க இறைக்க மேல் சுவரிலிருந்து ஊற்று வந்துகொண்டே இருந்தது. வாய்க்காலைத் திருப்பினால்தான் நிற்கும். லலாவ் தன் மண்வெட்டியை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள். அடைத்தவர்தான் வெட்ட வேண்டும் என்பது அவர்கள் முறையாம்.

அவர்கள் மண்வெட்டி நம்முடையது மாதிரி இல்லை. குறுகலாக, நீளமாக இருக்கும். நாம் நம்மை நோக்கி இழுப்போம், அவர்கள் முன்னால் குத்தித் தள்ளுகிறார்கள். வாய்க்கால் கரையில், என் கால் தடம் இன்னும் பதிந்திருந்த இடத்தில் நின்றேன். வயலைப் பார்த்தேன். கதிர் தலை சாய ஆரம்பித்திருந்தது, வெடிப்பெல்லாம் மூடியிருந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து தண்ணீரை உள்ளே விட்டுத்தான் பழக்கம். நிற்கிற பயிரை வைத்துக்கொண்டு, வருகிற தண்ணீரை வெளியே வெட்டி விட்டதில்லை. கை வரவில்லை. லலாவ் என் முதுகில் கை வைத்தாள். இதே இடத்தை அவள் தம்பிக்காக முதலில் வெட்டிய அன்றைக்கு அவள் முதுகில் யார் கை வைத்தார்களோ தெரியாது.

குத்தித் தள்ளினேன். நான் வைத்த புல் கொத்து அப்படியே பச்சையாக வெளியே வந்தது. தண்ணீர் வயலை விட்டுத் திரும்பி, தரிசில் இறங்கி ஓடியது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். லலாவ் காந்தல் தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் ஒரே குவளையில் மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு குழியின் பக்கமே காதை வைத்திருந்தோம். பம்பு ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெயில் ஏறியது. வேனுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் பம்பு நின்றது. குழியின் அடியிலிருந்து என் தம்பியின் குரல், தொண்டை கிழியத் தமிழில் வந்தது.

“அக்கா! தண்ணி நின்னுடுச்சு!”

வாழ்க்கையில் முதல் தடவையாக அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.